படிக்காமல் விட்ட முப்பத்தொரு பாட்டு

1934ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினேழாம் தேதி, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். குளித்து, திருநீறு இட்டு, அக்கா கொடுத்த கோப்பியை ஆறே காலுக்குக் குடித்தேன். முந்தின நாள் நாட்குறிப்பை ஒருமுறை படித்து, விட்டுப்போயிருந்த ஒரு வரியைச் சேர்த்தேன். ஏழு மணிக்குப் பினாங்கு டத்தோ கிராமாட் சாலையில் டிராம் ஏறி, ஏழரைக்குத் துறைமுகத்தை ஒட்டிய அலுவலகத்தில் என் மேசைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒரு கப்பல் ஏஜென்சியில் நான் கடிதக் கிராணி. வருகிற கடிதங்களைப் பிரிப்பது, தேதி முத்திரை குத்துவது, பதிவேட்டில் எழுதுவது, உரியவருக்கு அனுப்புவது, இவை என் வேலை. அன்று நாற்பத்தொரு கடிதங்கள். சனிக்கிழமை அரை நாள் என்பதால் ஒரு மணிக்கு மேசையைப் பூட்டினேன்.

மூன்று மணி ஆட்டத்துக்கு அக்காவைப் படம் பார்க்கக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். எட்டு வருஷமாக அவள் எந்தக் கொட்டகைக்கும் வந்ததில்லை. அன்று வருவதற்கு அவளுக்குக் காரணம் இருந்தது. அவள் வரக் கூடாது என்று நினைக்க எனக்கும் காரணம் இருந்தது.

பல வருஷங்களாக ஒரு வாரப் பத்திரிகையில் பழைய காப்பியங்களையும் அவற்றை வைத்து எடுத்த படங்களையும் ஒப்பிட்டு எழுதி வருகிறேன். என் முறை எளியது. ஒரு நோட்டில் இடப்பக்கம் நூலில் உள்ளது, வலப்பக்கம் படத்தில் கண்டது. இரண்டும் ஒத்துவராத இடத்தில் ஓர் எண். எண்கள் முப்பதைத் தாண்டினால் கட்டுரை நீளும், அவ்வளவுதான். இருபது வயதுக்கு முன்பே, மைதானத்தில் கூடாரம் அடித்துப் படம் காட்டிய காலத்திலேயே, இந்த வழக்கம் தொடங்கிவிட்டது. அப்போது படம் பேசாது. நடுநடுவே திரையில் எழுத்து வரும்போது ஒருவர் திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் உரக்கச் சொல்வார். அவர் சொன்னதில் இருந்த பிழைகளுக்கும் நான் எண் போட்டிருக்கிறேன்.

மார்ச் பதினேழாம் தேதி பார்த்த படத்தைப் பற்றி மட்டும் நான் கட்டுரை எழுதவில்லை. பத்திரிகைக்காரர் இரண்டு முறை கேட்டார். உடம்பு சரியில்லை என்று எழுதிப்போட்டேன். மூன்று வருஷம் ஆகிறது. இப்போது எழுதுகிறேன்.

அந்தக் காப்பியத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் புலவர்கள் பாடபேதம் பேச வந்துவிடுவார்கள். கதை இது. ஒரு வணிகன் கல்யாணமான மறு வருஷம் கப்பலேறிப் போகிறான். அவன் மனைவி துறைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் இருந்துகொண்டு காத்திருக்கிறாள். முதலாவது கல்யாணப் படலம்; அடுத்த பதினொரு படலங்கள் அவன் கண்ட நாடுகளையும் அவள் கழித்த நாட்களையும் மாறி மாறிச் சொல்கின்றன. பதின்மூன்றாவது, கடைசிப் படலத்தில் கப்பல் வருகிறது. அதில் அவன் இல்லை. கூடப் போன ஒருவன் இறங்கிவந்து, அவன் இறந்துவிட்டான் என்கிறான். அவள் தினமும் வாசலில் வைத்த விளக்கை எடுத்துக்கொண்டு துறைக்குப் போய்த் தண்ணீரில் விட்டுவிட்டு வருகிறாள். மறுநாள் அந்த வீட்டு வாசலில் வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறாள். முப்பத்தொரு பாட்டு. புலம்பல் ஒரு பாட்டுக்கூட இல்லை.

வீட்டில் காப்பியம் படிக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாவு வருகிற இடத்தில் நூலை மூடக் கூடாது. கல்யாணப் படலத்துக்குத் திரும்பிப்போய் இரண்டு பாட்டாவது படித்துவிட்டுத்தான் மூடவேண்டும். கடைசிப் படலமே சாவாக இருந்தால் பல வீடுகளில் அதைத் தொடுவதே இல்லை. நாடகக்காரர்களும் அதை ஆடமாட்டார்கள். ஊருக்குத் திரும்பும் கப்பல் புறப்படுகிற காட்சியோடு மங்களம் பாடிவிடுவார்கள். அதனால் பினாங்கில் இந்தக் கதை தெரியாத தமிழர் இல்லை, முடிவு தெரிந்தவர் பத்துப் பேர் இருந்தால் அதிகம்.

என் அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் கணவர், என் அத்தான், கரையோரக் கப்பல்களில் சரக்குக் கணக்கு எழுதும் கிராணி. மேடான், ரங்கூன், மறுபடி பினாங்கு என்று போய்வந்துகொண்டிருப்பார். கப்பல் இல்லாத நாட்களில் எங்கள் வீட்டில்தான் இருப்பார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மூன்று பேரும் ஒரே வீடு.

1924இல் இதே காப்பியம் பேசாத படமாக வந்தது. மூன்று பேரும் போனோம். ஆர்மோனியக்காரர் தாளம் தப்பாமல் வாசித்தார். நான் வழக்கம்போல நோட்டை மடியில் வைத்து எண் போட்டுக்கொண்டிருந்தேன்.

"மாப்ளே, படம் பாக்க வந்தியா, பரீட்சைத் தாள் திருத்த வந்தியா?" என்றார் அத்தான்.

"பதினாறு தப்பு இருக்கு அத்தான்."

"மார்க்கு எவ்வளவு போடுவே?"

"இன்னும் முடியல."

"முடியறதுக்குள்ள அவன் கப்பலே ஊர் போய்ச் சேந்துடும் போல."

அன்று படம் முடியவே இல்லை. கடைசிச் சுருள் வழியில் கடல் தண்ணீர் பட்டு ஒட்டிக்கொண்டுவிட்டதாம். கொட்டகைக்காரர் மேடையேறிச் சொல்லிவிட்டு விளக்கைப் போட்டார். பாதிப் பேர் சத்தம் போட்டார்கள். வீட்டுக்கு நடக்கும்போது அக்கா கேட்டாள், "கடைசியில கப்பல் வருமா?" வரும் என்றேன். அது உண்மைதான். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

1926 ஜனவரியில் அத்தான் ரங்கூனுக்குப் போனார். மூன்று வாரத்தில் கப்பல் வந்தது. காய்ச்சல் என்று அவரை அங்கே இறக்கிவிட்டார்கள் என்று மாலுமிகள் சொன்னார்கள். அக்கா அப்போது ஐந்து மாதம். அந்த வாரமே குழந்தை தங்கவில்லை. அவள் படுத்த படுக்கையானாள். அதிர்ச்சி தருகிற பேச்சு எதுவும் காதில் விழக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். பொழுது போகட்டும் என்று தினம் மாலை ஐந்திலிருந்து ஆறு வரை அவளுக்கு அந்தக் காப்பியத்தைப் படித்துக் காட்டினேன். பாட்டை ஒருமுறை ராகமாகப் படித்து, பிறகு பொருள் சொல்வேன். பன்னிரண்டாம் படலம் முடிந்த மறுநாள் காலை, என் மேசைக்கு வந்த கடிதக் கட்டில் என் பெயருக்கே ஒரு கடிதம் இருந்தது. ரங்கூனில் அத்தான் தங்கிய சாப்பாட்டு விடுதிக்காரர் எழுதியது. ஒன்பது வரி. காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார், நாங்கள் நாலு பேர் கூட நின்று தகனம் செய்தோம், பெட்டியில் வேட்டி சட்டை தவிர ஒன்றும் இல்லை, விலாசம் அவரே முன்பு எழுதிக் கொடுத்தது, இப்படி.

இத்தனை வருஷ வேலையில் நான் பதிவேட்டில் எழுதாத கடிதம் அது ஒன்றுதான்.

அன்று மாலை ஐந்து மணிக்கு அக்கா தலையணையில் சாய்ந்து காத்திருந்தாள். நூலைத் திறந்தேன். கடிதம் சட்டைப் பையில் இருந்தது. பதின்மூன்றாம் படலத்தின் முதல் பாட்டு கண்ணுக்கு முன்னால் இருந்தது.

"கப்பல் வந்துச்சா தம்பி?"

"வந்துச்சு."

"அவன்?"

"வந்தான்க்கா."

அதை வசனமாகச் சொன்னேன். கப்பல் வந்தது, அவன் இறங்கினான், அவள் விளக்கோடு நின்றாள், இருவரும் வீட்டுக்குப் போனார்கள். அக்கா கேட்டுவிட்டு, "பாட்டா படி. வசனமாச் சொன்னா சரியா இல்ல" என்றாள். தொண்டை கட்டியிருக்கிறது, நாளைக்குப் படிக்கிறேன் என்றேன். மறுநாள் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் காப்பியத்தின் சந்தத்திலேயே பன்னிரண்டு பாட்டு எழுதினேன். எதுகை எங்கும் தப்பவில்லை. மாலையில் நூலைத் திறந்து வைத்துக்கொண்டு அவற்றைப் படித்தேன். அக்கா அன்றைக்குத்தான் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். கடிதத்தை மடித்து, பன்னிரண்டாம் படலத்துக்கும் பதின்மூன்றாம் படலத்துக்கும் நடுவில் வைத்தேன்.

முதல் மாதம் டாக்டர் காரணம். அடுத்த ஆறு மாதம் அவள் உடம்பு காரணம். அதற்குப் பிறகு நாள் கடந்துவிட்டது என்பதைத் தவிர எனக்குக் காரணம் இல்லை. அத்தானைப் பற்றித் தகவல் இல்லை என்று மட்டும் சொல்லி வந்தேன். கேட்டவர்களுக்கும் அதையே சொன்னேன். அக்கா தாலியோடும் பொட்டோடும் இருந்தாள். மாலையில் வாசலில் விளக்கு வைத்தாள். ஒவ்வொரு வருஷமும் தை பிறந்ததும், "அந்தக் கதையைத் தொடங்கலாமா தம்பி?" என்பாள். ஒவ்வொரு வருஷமும் பன்னிரண்டு படலம் படித்துவிட்டு, என் பன்னிரண்டு பாட்டையும் படிப்பேன். அவளுக்கு அவை மனப்பாடம். அரிசி களையும்போது முனகுவாள். மற்றவர்கள் படத்தில் ஒரு வளையல் மாறினால்கூட எண் போடுகிற நான், அடுப்படியிலிருந்து அந்தப் பாட்டு வரும்போது நாட்குறிப்பில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடிவிடுவேன்.

இந்த நிலையில்தான் அதே காப்பியம் பேசும் படமாக வந்தது. கொட்டகையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர், கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர். தமிழ் நோட்டீசுக்கு அவர் என்னைத்தான் கேட்பார். கதைச் சுருக்கத்தை முடிவுக்குச் சற்று முன்னால் நிறுத்திவிட்டு, மிச்சத்தைத் திரையில் வந்து பார்க்கச் சொல்வது நோட்டீசு வழக்கம். எனக்கு அது எப்போதும் பிடித்ததில்லை. அரைகுறை வேலை என்று தோன்றும். இந்த முறை மறுபேச்சில்லாமல் அப்படியே எழுதினேன். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் அக்காவிடம் நோட்டீசைப் படித்துக் காட்டிவிட்டார்கள்.

"நானும் வரேன் தம்பி," என்றாள் அன்று மாலை.

"ரொம்ப நெரிசலா இருக்கும்க்கா. உனக்கு மூச்சு முட்டும்."

"முட்டட்டும். அந்தக் கப்பல் வரதை நான் பாக்கணும். அந்தப் பன்னெண்டு பாட்டையும் பாடுறாங்களா, இல்ல ரெண்டைப் பாடிட்டு விட்டுடுறாங்களான்னு பாக்கணும்."

வெள்ளிக்கிழமை மாலை கொட்டகைக்கே போனேன். படப்பெட்டி ஈப்போவிலிருந்து ரயிலில் எதிர்க்கரையிலுள்ள பிறை ஊருக்கு வந்து, அங்கிருந்து தண்ணீரைத் தாண்டி அன்றைக்குத்தான் வந்து சேர்ந்திருந்தது. குத்தகைக்காரர் பெட்டியின் மேல் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"முதலாளி, முடிவு தெரியணும்."

"பொஸ்தகத்தைக் கரைச்சுக் குடிச்சவரு நீங்க. என்னைக் கேக்குறீங்க?"

"பொஸ்தகம் தெரியும். படத்துல அவன் வரானா இல்லையா?"

"பெட்டி கப்பல்ல வந்துடுச்சு. எனக்கு அந்த ஒரு கப்பல் போதும் லா. நானே இன்னும் பாக்கல."

"பாத்தவங்க யாராவது?"

அவர் சுருட்டை எடுத்துவிட்டு யோசித்தார். "ஈப்போக்காரன் ஒண்ணு சொன்னான். கடைசி அரைமணி நேரம் பொம்பளைங்க பக்கம் ஒரே அழுகையாம். எனக்குச் சந்தோஷம். அழுதா மறு ஆட்டத்துக்கும் வருவாங்க."

படம் நூலைப் பின்பற்றியே எடுக்கப்பட்டிருக்கிறது என்று நான் முடிவு செய்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு படம் வரவேண்டும் என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில், படத்துக்கு முன்பே அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். வீட்டில் அவள் அரக்குச் சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை.

சனிக்கிழமை இரண்டேகாலுக்குப் புறப்பட்டோம். கொட்டகையில் பெண்களுக்கு இடப்பக்கம் தனிப் பெஞ்சுகள். நடுவில் இடுப்பளவு தட்டி. அக்கா மூன்றாவது வரிசையில் தட்டியோரமாக உட்கார்ந்தாள். நான் இந்தப் பக்கம் இரண்டு வரிசை பின்னால். அவள் கொண்டையும் ஒரு காதும் மட்டும் எனக்குத் தெரிந்தன.

நோட்டைத் திறந்து வைத்தேன். கல்யாணப் படலத்தில் நான்கு பிழைகள். வணிகனின் நண்பனுக்கு ஒரு கோமாளி வேலைக்காரன், நூலில் இல்லாதவன். பாட்டுகள் அதிகம். கதாநாயகி நன்றாகப் பாடினாள், ஆனால் பேசும்போது ஒலிபெருக்கி இரைந்தது. எட்டாம் படலத்தை முழுக்க விட்டுவிட்டார்கள். கடைசி அரைமணி தொடங்கும்போது எண் இருபத்திரண்டு.

அவள் விளக்கோடு வாசலில் நிற்கிறாள். கப்பல் வருகிறது. அவன் இல்லை. கூடப் போனவன் இறங்கி வந்து தலையைக் குனிகிறான். அந்த இடம் சொல்லுக்குச் சொல் நூல்தான். பெண்கள் பக்கத்தில் அழுகை தொடங்கியது. நான் திரையைப் பார்க்கவில்லை. அந்தக் கொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.

பிறகு திரையில் புகை வந்தது. புகையிலிருந்து சாமி வந்தார். அவள் பக்திக்கு மெச்சினார். இன்னொரு கப்பல் வந்தது, முன்னதைவிடப் பெரியது, பாய் முழுக்கப் பூச்சரம். அதிலிருந்து வணிகன் புதுப் பட்டு உடுத்தி, மாலை போட்டுக்கொண்டு, முகத்தில் மாவு பூசி இறங்கினான். இருவரும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடினார்கள். கொட்டகை முழுவதும் கை தட்டியது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

இருபத்திமூன்று என்று எழுதவேண்டிய இடத்தில் பென்சில் நின்றது. என்னுடைய முடிவேதான் அது. சாமியும் பூச்சரமும் தவிர வேறுபாடு இல்லை. தப்பித்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த நினைப்பை மறைக்காமல் எழுதுகிறேன்.

வாசலில் குத்தகைக்காரர் நின்றுகொண்டிருந்தார். "எத்தன தப்பு கிராணியாரே?"

"இருபத்திரண்டு."

"குறைச்சல்தான். பாத்தீங்களா, அவன் வந்துட்டான்." அக்காவைப் பார்த்து, "படம் நல்லாருந்துச்சாம்மா?" என்றார்.

"கப்பல் நல்லா இருந்துச்சு," என்றாள் அக்கா. "காயிதமா அது?"

"காயிதமும் மூங்கிலும். கல்கத்தாவுல ஏதோ ஏரியில மெதக்க விட்டு எடுத்தாங்களாம்."

"அதான் பாத்தேன்," என்றாள்.

டிராம் வந்தது. அவள் ஏறவில்லை. நடக்கலாம் என்றாள். ஆறு மணி, வெயில் இறங்கியிருந்தது. பெரிய சாலையின் ஓரமாக அவள் முன்னால் போனாள். நான் ஓரடி பின்னால். மாதா கோவில் ஆறு மணி அடித்து ஓய்ந்தது. பாதித் தூரம் வந்திருப்போம்.

"பாட்டு அந்தப் பாட்டு இல்ல," என்றாள்.

"படத்துக்காக வேற எழுதியிருப்பாங்கக்கா."

"அவன் சட்டை மடிப்புக் கலையல. கவனிச்சியா?"

"கவனிக்கல."

"நீ எல்லாத்தையும் கவனிப்பியே. உங்க அத்தான் இறங்கி வந்தா முதுகெல்லாம் உப்புப் பூத்திருக்கும். தோளில கரி. ரெண்டு தண்ணி போட்டாலும் போகாது. எத்தன சட்டை தொவச்சிருக்கேன்." கொஞ்ச தூரம் நடந்தாள். "நீ படிக்கும்போது நம்புனேன் தம்பி. வருஷா வருஷம் நம்புனேன். கண்ணால பாத்ததும் நம்ப முடியல. கடலுக்குப் போனவன் அப்படி வரமாட்டான்."



வீட்டுக்கு வந்ததும் அவள் அடுப்பைப் பற்றவைத்து உலை வைத்தாள். வாசலில் விளக்கு வைக்கவில்லை. நான் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். உட்காரத் தோன்றவில்லை.

"அந்தப் பன்னெண்டு பாட்டும் உன்னோடதா?"

"ஆமா."

"எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனா நீ படிக்கிறதைப் பாத்துக்கிட்டேதான் இருப்பேன். மத்த எடத்துல விரலை வெச்சுப் படிப்பே. ஒரு எடத்துல தடங்கி, கண்ணாடியைத் துடைச்சு, மறுபடி பாப்பே. கடைசிப் பாட்டு வந்தா விரலும் கிடையாது, தடங்கலும் கிடையாது. எட்டு வருஷத்துல அந்த எடத்துல நீ பக்கத்தைத் திருப்பினதே இல்ல."

நான் எவ்வளவோ கவனமாக இருந்தேன் என்று நினைத்திருந்தேன். எழுத்தைப் பார்த்தேன், சந்தத்தைப் பார்த்தேன், வருஷத்துக்கு வருஷம் ஒரு சொல் மாறாமல் பார்த்துக்கொண்டேன். பக்கத்தைத் திருப்ப வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"உள்ள ஒரு காகிதம் இருக்கே," என்றாள்.

"நீ பாத்தியா?"

"வெள்ளிக்கிழமை தூசி தட்டுறது யாரு? மூணு மடிப்பு. ஒரு ஓரம் பழுப்பாயிடுச்சு."

"ஏன்க்கா கேக்கல?"

"கேட்டா நீ சொல்லிடுவியே." அரிசியை உலையில் போட்டாள். கரண்டியால் ஒருமுறை கிளறிவிட்டு மூடினாள். "அவரைப் பத்தினதா?"

"ஆமா."

"எப்ப வந்துச்சு?"

"நீ படுத்திருந்தப்ப."

கணக்குப் போட்டுப் பார்த்திருப்பாள். அவள் முகம் மாறியதை அப்போதுதான் பார்த்தேன்.

"எட்டு வருஷம் பூ வெச்சுக்கிட்டுப் பசாருக்குப் போயிட்டு வந்திருக்கேன். கல்யாண வீட்டுல முன்னால நின்னு ஆலாத்தி எடுத்திருக்கேன். யாருக்கெல்லாம் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுக்கா."

"உனக்குத் தெரியும்ல. நீயும்தானே அந்தப் பந்தல்ல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தே?"

மன்னிப்புக் கேட்கிற வாசகங்கள் எனக்கு நிறையத் தெரியும், அலுவலகத்தில் தினமும் எழுதுகிறேன். அவற்றில் ஒன்றும் இதற்குப் பொருந்தாது.

போய் நூலை எடுத்தேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"இப்ப வேணாம். விளக்கு வெளிச்சத்துல வேணாம். காலையில படி. அந்தக் காகிதத்தையும் படி, அதுக்கப்புறம் பொஸ்தகத்துல என்ன போட்டிருக்கோ அதையும் படி. உன் பாட்டு எதுவும் வேணாம்."

"அந்தப் படலத்தை வீட்டுல படிக்கிறதில்லக்கா."

"தெரியும். படி."

சோறு வடித்து எனக்குப் போட்டாள். தானும் சாப்பிட்டாள், எப்போதும் சாப்பிடுகிற அளவு. அன்றைய நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: "மூன்று மணி ஆட்டம். பிழைகள் இருபத்திரண்டு. திரும்பும்போது நடந்தோம்." வேறொன்றும் இல்லை. அப்படி ஒன்றையும் எழுதாமல் விட்ட பக்கங்கள் என் குறிப்பேடுகளில் நிறைய இருக்கின்றன. நடந்ததை நினைவில் தேடிப்போனால் அவைதான் எனக்கு உதவுகின்றன.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தபோது அக்கா குளித்துத் தலையை ஈரத்தோடு முடிந்திருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. கழுத்தைப் பார்க்கவில்லை. கோப்பி போடவில்லை, நான் கேட்கவும் இல்லை. வாசல் கதவையும் இரண்டு சன்னலையும் திறந்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் வரக் காத்திருந்தோம். ஏழு மணிக்கு எழுத்துத் தெரிந்தது.

முதல் வேலையாகக் கடிதத்தை எடுத்துப் பிரித்தேன். ஒன்பது வரியையும் படித்தேன். "கூட நாலு பேர் நின்னாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்த வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். படித்தேன். கையை நீட்டி வாங்கி, வந்த மடிப்பிலேயே மடித்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு பதின்மூன்றாம் படலம். எட்டு வருஷமாகத் திறக்காத பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அக்காதான் நகத்தால் பிரித்தாள். விரலை வைத்து, ஒவ்வொரு பாட்டாகப் படித்துப் பொருள் சொன்னேன். ஏழாம் பாட்டிலும் பத்தொன்பதாம் பாட்டிலும் தடங்கினேன். அவள் விளக்கைத் தண்ணீரில் விடும் இடத்தில் அக்கா, "அழலையா அவ?" என்றாள். பாட்டில் இல்லை என்றேன். தண்ணீர்ப் பந்தலோடு முப்பத்தொன்றாம் பாட்டு முடிந்தது.

வழக்கப்படி கல்யாணப் படலத்துக்குப் பக்கத்தைப் புரட்டப் போனேன்.

"வேணாம் தம்பி. அங்கேயே மூடு," என்றாள்.

மூடினேன்.